முன்பாதி அண்ணனும் பின்பாதி அண்ணியும்

எங்கள் அரங்கத்தில் எனக்குக் கதவக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. சம்பளம் கொடுக்கிறவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விடுவது, விளக்கு அணைந்த பிறகு வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இருக்கை காட்டுவது, உள்ளே போனை எடுத்து நோண்டுகிறவர்களை முறைப்பது, இதெல்லாம் என் வேலை. முறைப்பதில் நான் கெட்டிக்காரி. வாயைத் திறக்காமலே போனைப் பைக்குள் போக வைத்துவிடுவேன்.

இங்கே நடப்பதெல்லாம் பாட்டு நாடகம். காதல் வந்தாலும் பாடுவார்கள், சாவு வந்தாலும் பாடுவார்கள், வாசலில் போலீஸ் வந்து நின்றாலும் நின்று நிதானமாக இரண்டு சரணம் பாடிவிட்டுத்தான் பிடிபடுவார்கள். நடுவில் ஒரு இடைவேளை. எனக்கு அந்த இடைவேளைதான் நாடகம். கதவைத் திறந்ததும் கழிப்பறைக்கு ஓடுகிறவர்கள் முதலில், டீக்கு ஓடுகிறவர்கள் அடுத்து. கடைசியில், "எப்படி இருக்கு?" என்று பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு தன் கருத்தை முடிவு செய்கிறவர்கள் மெதுவாக வருவார்கள்.

இவர்களில் சேராத ஒரு மனிதர் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான ஆள், கட்டம் போட்ட சட்டை. புது நாடகம் போட்டால் முதல் ஞாயிறு பகல் காட்சிக்கு வந்துவிடுவார். ஓர இருக்கைதான் கேட்பார். இடைவேளைக்குக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக வெளியே பாய்வார். திரும்பி வரவே மாட்டார்.

நாடகம் பிடிக்காமல் எழுந்து போகிறவர்களை எனக்குத் தெரியும். முகம் முழுக்கக் கொட்டாவி இருக்கும். இந்த மனிதரோ பல் தெரியச் சிரித்துக்கொண்டு, வாய்க்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, பின்னால் நாய் துரத்துகிற மாதிரி ஓடுவார். பாதியிலேயே ஓடுகிற ஆள் அடுத்த நாடகத்துக்கு ஏன் வருகிறார்? எனக்கு மண்டை குடைந்தது. அடுத்தவர் விஷயம் என்றால் எனக்குத் தூக்கம் வராது, அது என் பிறவிக் குணம்.

"ரெண்டு வீடு வெச்சிருப்பார் அக்கா," என்றார் கேன்டீன்காரர், டீயை ஆற்றிக்கொண்டே. "நாடகத்துக்குப் போறேன்னு ஒரு வீட்ல சொல்லிட்டு, மீதி நேரத்துக்கு இன்னொரு வீட்டுக்குப் போறார்."

"போற மூஞ்சியா அது? இடுப்புல சாவிக்கொத்து, கையில பன் பாக்கெட். எந்தச் சின்ன வீட்டுக்கு அய்யா பன் வாங்கிட்டுப் போவாங்க?"

ஒரு ஞாயிறு அந்த ஓர இருக்கையில் இடைவேளைக்குப் பிறகு ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவருடைய பாதி டிக்கெட்டை அந்தம்மாள் கையில் வைத்திருந்தார். சும்மா விடுவேனா? போய்க் குனிந்து கேட்டேன்.

"இந்த டிக்கெட்ல வேற ஒருத்தர் இருந்தாரே?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர் வரக் கூடாதும்மா."

"ரெண்டு பேர் எங்க வந்தோம்? அவர் வெளிய போயிட்டார், நான் உள்ள வந்திருக்கேன். இந்தச் சீட்ல எப்பவும் ஒரு ஆள்தான் இருக்கோம். வேணும்னா எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தேன். ஒரே ஆள்தான். வெளியே போய் வருகிறவர் பாதி டிக்கெட்டைக் காட்டினால் உள்ளே விட வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. வெளியே போன அதே மூக்குதான் உள்ளே வர வேண்டும் என்று அதில் இல்லை. சரி என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குள் அவர் முன்பாதி அண்ணன், அந்தம்மாள் பின்பாதி அண்ணி.

அடுத்த முறை இடைவேளையில் அண்ணன் ஓடும்போது நானும் பின்னாலேயே ஓடினேன். பக்கத்துச் சந்தில் ஒரு பள்ளி வேன் நின்றது. ஜன்னலெல்லாம் பிள்ளைகள் ஒட்டிய பொம்மைப் படங்கள், இருக்கைக்கு அடியில் யாரோ மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டில். வாரம் முழுக்க அதில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவர் தொழில். உள்ளே பின்பாதி அண்ணி உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரமாக ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும், முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டு இருந்தாள். அண்ணன் வேன் படியில் ஒரு காலை வைத்து, பன்னைப் பிய்த்து மகளுக்குக் கொடுத்தபடியே கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு பெரிய வீடு, சரியா? மாடிப்படி ஆடிக்கிட்டே இருக்கு, ஒழுங்கா ஆணி அடிக்கல. அந்தப் பொண்ணு ஏறும்போது எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு..."

"மாடிப்படிய விடுங்க. யார் யார் இருக்காங்க? அதச் சொல்லித் தொலைங்க, மணி அடிச்சிடுவாங்க."

"அக்காக்காரி, தம்பிக்காரன், அப்புறம் ஒரு வக்கீல். வக்கீல் சிவப்புச் சட்டை. நல்லா ஞாபகம் வெச்சுக்கோ. சிவப்புச் சட்டைய நம்பாதே. அவன்தான் எல்லாத்துக்கும் காரணம்."

பிறகு ஒரு பாட்டைக் கரகரத்த குரலில் பாடியும் காட்டினார். அந்தப் பெண் ஆடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவர் நிறுத்தியதும், "அப்புறம்?" என்றாள். அவள் பேசும் சொற்களே கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. "அப்புறத்துக்குத்தான் அம்மா போறாங்க பாப்பா," என்றார் அண்ணன். அண்ணி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார், என்னைப் பார்த்து, "நீங்க எங்க இங்க?" என்றார். காற்று வாங்க வந்தேன் என்று ஒரு பொய்யை அடித்துவிட்டேன்.

அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. பின்பாதியில் அந்த வக்கீல் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். மழையில் நனைந்த தம்பிக்காரனோ கொடியில் கிடந்த சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். அண்ணிக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்புச் சட்டையை நம்பாதே என்பதுதான். கடைசியில் தம்பி செத்தபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது. அண்ணி மட்டும், "வேணும் இவனுக்கு," என்று கையை உதறினார். முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார். வேனுக்குப் போய்க் கதையைச் சொன்னதும் உண்மை தெரிந்து, வீடு போய்ச் சேரும் வரைக்கும் இரண்டு பேருக்கும் சண்டையாம். அடுத்த ஞாயிறு அதே நாடகத்துக்கு மறுபடி வந்தார்கள். "போன வாரம் அழ வேண்டியது அப்படியே நெஞ்சுல நிக்குது அக்கா, அத அழுதுட்டுப் போயிடறேன்," என்றார் அண்ணி என்னிடம். அழுதுவிட்டுத்தான் போனார், மூக்கெல்லாம் சிவந்து.

பழக்கமான பிறகு அவர்கள் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தேன். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் நாடகம் நாடகமாக அலைந்திருக்கிறார்கள். அண்ணி வீட்டில் துணிகளுக்கு அளவு மாற்றித் தைத்துக் கொடுக்கிறவர். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே முந்தின வாரப் பாட்டையெல்லாம் பாடுவாராம். பாப்பா பிறந்தாள். வளர வளரத்தான் தெரிந்தது, அவளுக்குக் கூட்டம் ஆகாது, திடீர்ச் சத்தம் ஆகாது, கைதட்டல் அறவே ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள். தனியாகவும் விட முடியாது, வேறு யாரிடமும் நிற்க மாட்டாள். நாடகம் நின்றுபோனது. பல வருஷம் கழித்து அண்ணிதான் யோசனை சொன்னாராம்: இடைவேளை என்று ஒன்று சும்மாதானே கிடக்கிறது, அதில் ஆள் மாறிக்கொண்டால் என்ன?

வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அண்ணன் ஒரு நாள் சொன்னார். "கத்தறது கூடப் பரவாயில்லம்மா. கத்தினதும் எல்லாத் தலையும் ஒண்ணா திரும்பும் பாருங்க. பஸ்ல, ஆஸ்பத்திரில, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல. ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டாங்கன்னா போதும், அந்த இடத்துக்கு இவ மறுபடி வரவே மாட்டா. பாப்பாவச் சொல்லல, இவங்கம்மாவச் சொல்றேன். ஒவ்வொரு இடமா விட்டுக்கிட்டே வந்துட்டோம். மிச்சம் இருக்கறது இந்தச் சந்து ஒண்ணுதான்."

துணியை வாங்கி அந்தப் பக்கத்துக் கண்ணாடியை நான் துடைத்தேன்.

இப்படி இருக்கையில் எங்களுக்கு ஒரு புது இயக்குநர் வந்து சேர்ந்தார். சின்ன வயசு, பெரிய கண்ணாடி, பேசும்போது இரண்டு கையையும் காற்றில் பிசைந்துகொண்டே இருப்பார். ஒத்திகை அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, "இந்த நாடகத்துக்கு இன்டர்வெல் கிடையாது," என்றார்.

கேன்டீன்காரர் எழுந்து நின்றேவிட்டார். "சார், என் அடுப்புலயே கை வெக்கறீங்களே!"

முக்கிய வேஷக்காரிக்கும் முகம் சுருங்கியது. "தொண்டை என்னத்துக்கு ஆகும் சார்? நடுவுல கொஞ்சம் வெந்நீர் குடிச்சு, கண்ண மூடி உக்காந்தாதான் எனக்கு அடுத்த பாட்டுக்கு மூச்சு நிக்கும்."

"மூச்சு நிக்கக் கூடாதுங்க, அதுக்குத்தான் இந்த நாடகம்," என்றார் இயக்குநர். "ஒரு வீடு. ரெண்டு அக்கா தங்கச்சி. வெளிய வெள்ளம். தண்ணி படிப்படியா ஏறுது. உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கும் ஏறிக்கிட்டே இருக்கணும். நடுவுல விளக்கப் போட்டு எல்லாரையும் டீ குடிக்க அனுப்பினா, தண்ணியும் டீ குடிக்கப் போன மாதிரி ஆயிடும். திரும்பி வந்து உக்காரும்போது கையில போன், வாயில பிஸ்கட். அவங்கள மறுபடி தண்ணிக்குள்ள இறக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரமும் இவங்க சும்மா பாடிக்கிட்டு இருக்கணும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, மேடையில தண்ணி ஏறுது, சரி. உக்காந்திருக்கறவங்களுக்கு அடிவயித்துல ஏறுமே, அதுக்கு என்ன வழி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நேரத்தக் குறைச்சிருக்கேன் அக்கா. வந்து ஒத்திகையப் பாருங்க. உங்களுக்கு நடுவுல எழுந்து போகணும்னு தோணிச்சுன்னா, சொல்லுங்க."

போய்ப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே போய் உட்கார்ந்தேன். அக்காவும் தங்கையும் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. தரைக்குத் தண்ணீர் வந்ததும் ஒருத்தி மாடிப்படியில் ஒரு படி ஏறுகிறாள், அவளுக்கு எதிரில் மற்றவளும் ஏறுகிறாள். பாட்டு பாட்டாகத் தண்ணீர் ஏற ஏற, இரண்டு பேரும் ஒரே மொட்டை மாடிக்கு வந்து நிற்க வேண்டியதாகிறது. முடிந்தபோது என் கால் மரத்துப்போயிருந்தது. இடையில் எனக்கு எழுந்திருக்கத் தோன்றவே இல்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான், பாழாய்ப் போனவன்.

அப்போதுதான் முன்பாதி அண்ணன் ஞாபகம் வந்தது. அவர் சொல்வது சரி என்றால் சந்தில் நிற்கிற வேன் என்ன ஆவது?

அந்த வாரம் பழைய நாடகத்தின் கடைசி ஞாயிறு, இன்னொரு முறை பார்த்துவிட வந்திருந்தார்கள். இடைவேளையில் வேனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அப்ப இவ போகட்டும்," என்றார்.

"நான் எதுக்கு? நீங்கதான் நாள் பூரா அந்தப் பிசாசுங்களோட மாரடிக்கறீங்க. நீங்க போங்க."

"நீ போடீன்னா..."

"நான் போக மாட்டேன்னா போக மாட்டேன். விடுங்க. இதுவும் போச்சுன்னு நினைச்சுக்கலாம்." அண்ணி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், ஏதோ பால் திரிந்துவிட்டது என்பதுபோல. எனக்குத்தான் தாங்கவில்லை.

நேராக இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு நாள் வரச் சொல்லுங்க அக்கா. ஆளுக்கு ஒரு நாள், முழுசா உக்காந்து பாக்கட்டும். டிக்கெட் வேண்டாம், என் விருந்தாளிங்க."

இதைவிட நல்ல யோசனை இருக்க முடியுமா? துள்ளிக்கொண்டு போய் அண்ணனிடம் சொன்னேன்.

"நல்ல மனுஷன். ஆனா வேண்டாம்மா."

"ஏன் அண்ணே? முழு நாடகம்! எத்தன வருஷம் ஆச்சு ஒரு முழு நாடகம் பாத்து!"

"ஆளுக்கு ஒரு நாள் பாத்தா அவ தனியா பாத்ததா ஆகும், நான் தனியா பாத்ததா ஆகும். இப்ப அப்படி இல்லையே. ஒரே நாடகம், ஒரே நாள், நான் விட்ட இடத்துல அவ பிடிக்கறா. இது நாங்க சேந்து பாக்கறதும்மா." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் மாதிரி வேன் சாவியை நோண்டினார்.

வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரரும் நானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே டிவியைப் பார்க்கிறோம்; அவர் என்ன பார்த்தார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

மறுநாள் என் கதவருகே நின்று யோசித்தேன். எங்கள் அரங்கத்துக்கு வெளிப்பக்கம் ஒரு மரக் கதவு, உள்பக்கம் தரை வரைக்கும் கனத்த திரை. இரண்டுக்கும் நடுவே இருட்டாக ஒரு சின்ன இடம், என் ஸ்டூல் அங்கேதான். கதவைத் திறந்தாலும் திரை மூடியிருந்தால் உள்ளே வெளிச்சம் போகாது. நாடகத்தின் நடுவில் தண்ணீர் மாடிப்படியைத் தொடும்போது டிரம்ஸ் இடி மாதிரி விழும். அப்போது கதவு கிறீச்சிட்டாலும் யாருக்கும் கேட்காது. அவர்களுக்கோ அந்த ஓர இருக்கை வீட்டுக் கட்டில் மாதிரி, கண்ணைக் கட்டிவிட்டாலும் போய் உட்காருவார்கள். நடுவில் ஆள் மாற எதற்கு இடைவேளை?

இயக்குநரிடம் கேட்டேன். கையைக் காற்றில் பிசைந்தார். "வெளிச்சம் வரக் கூடாது. சத்தம் வரக் கூடாது. முக்கியமா கடைசிப் பாட்டுக்கு வாத்தியமே இல்ல, வெறும் குரல். அப்ப ஒரு இருமல் வந்தாலும் எல்லாம் போச்சு. வெளிச்சமும் சத்தமும் வரலைன்னா, உங்க கதவுல நடக்கறது எதையும் நான் பாக்கல."

"பொண்ணு வேன்லயேதான் இருப்பா. நான் பாத்துக்கறேன்," என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணியைச் சம்மதிக்க வைக்கத்தான் நாக்கு வறண்டது.

ஞாயிறு வந்தது. என் நேரம் பாருங்கள், பக்கத்துச் சந்தில் குழாய் போடுவதற்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. டிரம்ஸ் அடிக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அண்ணன் வேனுக்கு ஓடி, அண்ணி அங்கிருந்து ஓடி வருவது நடக்கிற காரியமில்லை. அண்ணன் உள்ளே போன பிறகு அண்ணி என்ன செய்வதென்று தெரியாமல் மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"போயிடறோம் அக்கா. இவர மட்டும் முழுசா பாத்துட்டு வரச் சொல்லுங்க."

"அட, உள்ள வாங்க அண்ணி. யார் இருக்கா இங்க?"

உண்மையிலேயே யாரும் இல்லை. அப்போதுதான் எனக்கே உறைத்தது. நாடகம் ஓடும்போது எங்கள் முன்கூடம் ஈ காக்கை இல்லாமல் கிடக்கும். இந்தப் பெண் வாசலைத் தாண்டாததற்குக் காரணமே இடைவேளைக் கூட்டம்தான். இன்று அந்தக் கூட்டம் கிடையாது. கேன்டீன்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பாப்பா ஒரு காலை உள்ளே வைத்தாள், பார்த்தாள், மற்றக் காலையும் வைத்தாள். சுவரில் இருந்த பழைய நாடகப் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். அவள் முழுக்கதையும் கேட்ட நாடகங்கள் அவை. அப்பன் பாதி, அம்மா பாதி என்று இரண்டையும் கேட்டு முழுதாக வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். கடைசியில் மரக் கதவில் காதை வைத்து நின்றாள்.

டிரம்ஸ் விழுந்தது; கதவும் திரையும் தடுத்ததில் வெளியே தூரத்து இடி மாதிரிதான் கேட்டது. கதவைத் திறந்தேன். அண்ணன் வெளியே வந்தார், மகளை அங்கே பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

"நிக்காதீங்க அண்ணே, நாடகம் உங்களுக்காகக் காத்திருக்காது, கதையச் சொல்லுங்க!"

"அக்கா, தங்கச்சி, பேச்சு கிடையாது. தண்ணி படிக்கு வந்தாச்சு. பெரியவ ஒரு பெட்டிய விடமாட்டேங்கறா. அதுல என்னன்னு எனக்கும் தெரியாது. போ, போ!" ஆயுசிலேயே அவர் அவ்வளவு சுருக்கமாகக் கதை சொன்னது அன்றுதான் இருக்கும். அண்ணி திரையை விலக்கி இருட்டுக்குள் போய்விட்டார்.

கதவை மூடப் போனேன். பாப்பா என்னை இடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கதவுக்கும் திரைக்கும் நடுவில் என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, திரையின் ஓரத்தை விரலால் நீக்கி ஒரு கண்ணால் பார்த்தாள். அண்ணன் பதறிப்போய்ப் பின்னால் வந்தார். இழுக்கவும் பயம், விடவும் பயம். மூன்று பேரும் மூச்சு விடாமல் அந்த இருட்டில் நின்றோம். கத்திவிட்டால் என் வேலை போய்விடும், அதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்க்கும். அண்ணி அந்த ஓர இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார். அதற்குப் பிறகு இந்தத் தெருப் பக்கமே தலை காட்ட மாட்டார். எனக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. பாட்டு வரும்போது லேசாக ஆடினாள். நீல விளக்கு மேலே மேலே ஏறுவதை அசையாமல் பார்த்தாள்.

கடைசிப் பாட்டு வந்தது. மொட்டை மாடியில் தங்கை தனியாக நின்று பாடுகிறாள், வெறும் குரல். நான் அண்ணன் காதருகே போனேன். "முடியப் போகுது. கைதட்டுவாங்க. கூட்டிட்டுப் போயிடுங்க."

அவர் மகள் தோளைத் தொட்டார். அவள் திரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை தொட்டார். தொண்டையில் ஒரு முனகல் கிளம்பியது. அண்ணன் சட்டென்று கையை எடுத்துவிட்டார். இழுத்தால் இந்த அமைதியில் கத்துவாள், விட்டால் கைதட்டலில் கத்துவாள். இருட்டிலும் அவர் என்னைப் பார்த்தது தெரிந்தது. பிறகு கையை மடக்கி மார்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்தது. விளக்கு அணைந்தது. அப்படியொரு அமைதியை அந்த அரங்கத்தில் நான் கேட்டதில்லை. அடுத்த நொடி, கூரை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். நடுவில் தட்டாமல் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வைத்துத் தட்டினார்கள். எழுந்து நின்றார்கள், விசில் அடித்தார்கள், ஓவென்று கூவினார்கள்.

பாப்பா காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். அடிவயிற்றிலிருந்து, கழுத்து நரம்பு புடைக்க, முழுக் குரலில் கத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஒரு தலைகூடத் திரும்பியிருக்கவில்லை. எங்களுக்குக் கை நீட்டும் தூரத்தில் இருந்த கடைசி வரிசை ஆள் தானும் கூவிக்கொண்டு, இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் கத்தினாள், அவர்கள் தட்டினார்கள். அவளுக்கு மூச்சு முடிந்து நின்றபோதும் அவர்கள் நிறுத்தவில்லை.

அண்ணன் மகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, முகம் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. "இவ கத்தி ஒருத்தர் கூடத் திரும்பிப் பாக்கலம்மா," என்றார். "ஒருத்தர் கூட."

விளக்கு வந்ததும் கூட்டத்தை முண்டியடித்துக்கொண்டு அண்ணி ஓடி வந்தார். திரையை விலக்கி மகளை அங்கே பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது.

"இவ உள்ளயா இருந்தா? கத்தினாளா?"

"கத்தினா," என்றார் அண்ணன். "நல்லா கத்தினா."

தூக்கத்தில் பாப்பா முனகினாலே அடுத்த அறையிலிருந்து எழுந்து ஓடி வருகிற அம்மா அவர். மகளின் வியர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் உள்ளங்கை சிவந்திருந்தது.

"எனக்குக் கேக்கவே இல்லையேங்க," என்றார். "நான் கை தட்டிக்கிட்டு இருந்தேன்."